எட்டுத் தவணை தள்ளுபடி

படுக்கைப் புண்ணில் வடியும் சீழைத் துடைக்கும்போதுகூட மூத்தவள் முகம் சுளிக்க மாட்டாள். நோயாளி வாந்தி எடுத்தால் ஒரு கையால் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு மறு கையால் முதுகைத் தடவிக்கொடுப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு, மாதம் பிறந்து அந்தப் பயிற்சி நிலையத்தின் படியேறினால் மட்டும் வயிற்றைக் குமட்டிக்கொண்டு வரும். இத்தனைக்கும் அங்கே தரையை எலுமிச்சை வாசனையாகத் துடைத்து வைத்திருப்பார்கள்.

நர்சிங் உதவியாளர் படிப்பு, ஒரே வருஷம், கடனில் படியுங்கள், வேலைக்குப் போய்க் கட்டுங்கள் என்று வாய் கூசாமல் சொல்லித்தான் சேர்த்தார்கள். படித்து முடித்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. கடைசித் தவணை கட்டும்வரை சான்றிதழ் அவர்களுடைய இரும்பு அலமாரியில்தான் கிடக்கும். சான்றிதழ் இல்லாதவளுக்கு ஆஸ்பத்திரியில் பெயர் டிரெய்னி, சம்பளம் பன்னிரண்டாயிரம். சான்றிதழைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி மேசையில் வைத்தால் மறு மாதமே இருபதாயிரம். பன்னிரண்டில் ஏழாயிரம் தவணைக்கே போய்விடும். ஒரு மாதம் தவறினால் அபராதம் என்று இன்னொரு தவணை முளைக்கும். இப்படியே இரண்டு வருஷக் கடன் மூன்று வருஷம் ஓடி, இன்னும் எட்டுத் தவணை பாக்கி. மூன்று வருஷமாக ஒருத்தி டிரெய்னி என்றால் கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? வார்டு கூட்டுகிற அம்மா இவளைவிட இரண்டாயிரம் கூடுதலாக வாங்கினாள், அதுவும் கடன் கிடன் எதுவும் இல்லாமல்.

இதை வீட்டில் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. கையில் இருபதாயிரம் வருகிறது, பாதியைப் பேங்கில் போட்டு வைக்கிறேன் என்று அளந்துவிட்டிருந்தாள். அம்மா அதை அக்கம்பக்கமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள். அதற்குப் பிறகு எந்த வாயால் மாற்றிச் சொல்வது?

கவுண்டரில் இருப்பவள் மாதாமாதம் கிளிப்பிள்ளை போல ஒன்றையே ஒப்பிப்பாள்: புதிதாக ஒருத்தியைச் சேர்த்துவிட்டால் மிச்சமுள்ள எட்டும் தள்ளுபடி, அன்றைக்கே சான்றிதழ். ஆள் பிடிக்கிற வேலைக்கு நான் வரவில்லை என்று மூத்தவள் ஒருமுறை மூஞ்சியில் அடித்தாற்போலச் சொல்லியும் அந்தச் சிரிப்பு மாறவில்லை. காசு எண்ணுகிற விரலும் சிரிக்கிற வாயும் ஒரே வேகத்தில் வேலை செய்யும்.

இந்த மாதம் இவள் பணத்தை எடுப்பதற்கு முன்பே, கவுண்டர்க்காரி சான்றிதழை எடுத்து முன்னால் வைத்துவிட்டாள்.

"எட்டும் கழிஞ்சிடுச்சு. உங்க ஆளு காலையிலேயே வந்து சேர்ந்தாச்சு."

எந்த ஆள் என்று கேட்பதற்குள் உள் அறையிலிருந்து தங்கை வந்தாள். சீருடைக்கு அளவு கொடுத்துவிட்டு வருகிறாளாம். முகமெல்லாம் பல். கையில் ஒரு நோட்டுத் தாள்.

"உனக்குத் தெரியாம செய்யணும்னுதான் இருந்தேன்க்கா. கணக்கெல்லாம் போட்டுப் பாத்துட்டேன். இருபதுல ஏழு போனா பதிமூணு. ரெண்டு வருஷத்துல கடன் முடிஞ்சிரும். உனக்கு ஏதோ பாக்கி இருக்காமே, அதுவும் கழியும்னாங்க."

பதிமூன்றின் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள். தன் பொய் தங்கையின் கையெழுத்தில், கூட்டல் கழித்தல் பிசகாமல் இருப்பதைப் பார்த்து மூத்தவளுக்குத் தன் மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

"இருபது இல்லடி. பன்னெண்டு. அதுல ஏழு போக அஞ்சு. மூணு வருஷமா இதுதான். இந்தப் பேப்பரை இவங்க குடுத்தாதான் இருபது. கடனை அடைச்சாதான் பேப்பரைக் குடுப்பாங்க."

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தங்கை அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை அது.

"மூணு வருஷமாவா எங்ககிட்ட நடிச்ச?"

மூத்தவள் கவுண்டர் பக்கம் திரும்பி, தங்கையின் விண்ணப்பத்தை ரத்து செய்யச் சொன்னாள். இன்றைக்குள் என்றால் செய்யலாம், ஆனால் தள்ளுபடியும் போய்விடும் என்று கவுண்டர்க்காரி சிரித்தபடியே சொல்லி, சான்றிதழை இரண்டு விரலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். போகட்டும் என்றாள் மூத்தவள். விண்ணப்பத்தின் குறுக்கே கோடு விழுந்தபோது, நெடுநாளைக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

தவணைப் பணத்தைப் பையிலிருந்து எடுத்தாள். அப்போது வரிசையில் முதலாவதாக நின்ற பெண் அவள் தோளைத் தொட்டாள். தங்கையின் வயதுதான் இருக்கும்.

"அக்கா, நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். ஆனா எனக்கு வேற வழி இல்ல, எப்படியும் சேரத்தான் போறேன். சேத்துவிட்டவங்கன்னு உங்க நம்பரைப் போட்டுக்கட்டுமா? உங்களுக்காவது கழியட்டும்."

வேண்டாம், வீட்டுக்குப் போ என்று சொல்ல வாயெடுத்தாள். கண் கவுண்டர்க்காரி பக்கம் கிடந்த சான்றிதழுக்குப் போனது. தங்கையைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்தால் போதும், கையை உதறிக்கொண்டு படியிறங்கிவிடலாம். தங்கை நோட்டுத் தாளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தும் நிமிரவில்லை.

"பதிவு எண்?" என்றாள் கவுண்டர்க்காரி, பேனாவைத் திறந்து.

மூத்தவள் சொன்னாள். மறுபடி கேட்கவேண்டிய அவசியமே வராதபடி, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.