பதினேழாம் நம்பர் பெட்டி

மூன்று இரவுகளாக முத்தாயிக்குத் தூக்கமில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால், செம்பனை மர வரிசை தொடங்கும் இடத்தில் நிற்கும் பதினேழாம் நம்பர் ஆந்தைப் பெட்டியிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. யாரோ பழைய வேட்டியை நீளமாகக் கிழிப்பது போன்ற சத்தம். அவள் மகன் யோகேந்திரனுக்குத் திங்கட்கிழமை சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருதய ஆபரேஷன். சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக முருகையா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“மாமா, அந்தப் பெட்டிய எறக்கிப் போடுங்க. சாக்குருவி கத்துனா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? எங்கக்கா போனப்ப கத்தலையா?”

கத்தியது. முருகையாவின் மனைவி, முத்தாயியின் அக்கா, இறந்த வாரத்தில் கூரைமேல் ஆந்தை ஒன்று வந்து உட்கார்ந்து கத்தியது. அவரும்தான் கேட்டார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஆந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை வாய்த்திருந்தது. பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பிறகு செம்பனைக் குலை வெட்டி, முதுகு விட்டுப்போன பிறகு நிர்வாகம் கொடுத்த வேலை. செம்பனைப் பழத்தை எலி தின்கிறது, எலியை ஆந்தை தின்கிறது. அதனால் தோட்டமெங்கும் உயரமான கம்பங்களில் முப்பத்தொரு பெட்டிகள். மாதம் ஒருமுறை எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று எண்ணி கணக்கெழுதும் ஆபீஸ் கிராணியிடம் சொல்ல வேண்டும். சகுனத்தை அவர் நம்பினார் என்று சொல்ல முடியாது. நம்பாமல் இருக்கத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ‘முருகா’ என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணாந்து பார்ப்பார்.

“எறக்கிடுறேன் முத்தாயி, இன்னைக்கே” என்றார்.

பேத்தி ஷாமினியும் கூடவே கிளம்பினாள். பதினொரு வயது. வீடு சிரம்பான் பக்கம் ரஹாங்கில், பள்ளி விடுமுறை விட்டால் இங்கே வந்துவிடுவாள். ஏணியையும் எப்போதும் கொண்டுபோகும் கழியையும் அவர் தூக்கிக்கொள்ள, சாக்கையும் ஸ்பேனரையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

“உள்ள குஞ்சு இருந்தா தாத்தா?”

“சாக்குல போட்டு வேற பெட்டிக்குக் கொண்டுபோவோம்.”

“அங்க அம்மா வருமா?”

வராது. அது அவருக்குத் தெரியும். ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்.

கம்பத்தில் ஏணியைச் சாய்த்தார். ஷாமினி ஸ்பேனரைக் கொடுக்காமல் பின்னால் மறைத்துக்கொண்டாள். “மொதல்ல எண்ணணும்லா. எண்ணாம கழட்டுனா கிராணி என்ன எழுதுவாரு?”

அவர் கழியை எடுத்தார். நான்கு ஆண்டுகளில் ஒரு பெட்டியையும் அவர் எண்ணாமல் விட்டதில்லை. எண்ணும் முறை எளிது. நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் கைப்பேசியைக் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, பெட்டியின் ஓட்டை வரை தூக்கிப் பிடித்துவிட்டு இறக்கிப் பார்ப்பார்கள்.

கழி மேலே போனதும் தாய் ஆந்தை வெளியே வந்தது. வெள்ளை நெஞ்சு, முழ நீளச் சிறகு. முருகையாவின் தலைக்கு மேலேயே கடந்து போனது. சத்தமே இல்லை. ஓர் ஓலைகூட அசையவில்லை. ஷாமினி வாயைத் திறந்தபடி நின்றாள்.

“டார்ச் வேணாம் தாத்தா, பயந்துடும். வெளிச்சம் இருக்கு. கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருங்க.”

கை கடுக்கும்வரை பிடித்திருந்துவிட்டு இறக்கினார். இருவரும் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஐந்து குஞ்சுகள். படிக்கட்டு போல ஒன்றைவிட ஒன்று சிறியது. மூத்ததற்குச் சிறகு முளைத்துவிட்டது. கடைசியானது பஞ்சு உருண்டை. எழுந்து நிற்கக்கூடக் காலில் வலுவில்லை. மூலையில் மூன்று எலிகள் கிடந்தன. கடைக்குட்டி வாயைத் திறந்தது. வேட்டி கிழியும் சத்தம் கேட்டது.

மூத்தது எலிகளிடம் போனது. ஒன்றைக் கவ்வியது. ‘முழுங்கப் போகுது’ என்று நினைத்தார் முருகையா. அது முழுங்கவில்லை. நடுவில் நின்ற மூன்று குஞ்சுகளையும் தாண்டிப் போய், கடைக்குட்டியின் முன்னால் தலை குனிந்து நின்றது. குஞ்சு எலியின் ஒரு முனையைக் கடித்து இழுத்தது. மூத்தது மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டது, சதை கிழிந்து சின்னதன் வாய்க்குள் போகும்வரை.

“இன்னொரு தடவ போடு.”

மூன்று தடவை பார்த்தார். கோழி, நாய், காட்டுப் பன்றி எல்லாவற்றையும் இந்த மண்ணில் பார்த்திருக்கிறார். வலுத்தது தின்னும், மிச்சம் இருந்தால் மற்றது தின்னும். அப்படித்தான் உலகம் என்று இத்தனை வயதுவரை எண்ணியிருந்தார். கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

“என்ன மாமா, கழட்டப் போறேன்னு வந்து படம் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?” முத்தாயி புல்லை மிதித்துக்கொண்டு வந்தாள்.

ஷாமினி ஓடிப்போய்க் கைப்பேசியை நீட்டினாள். “சின்னப் பாட்டி, இதப் பாருங்களேன்.”

“அந்த மூஞ்சிய எங்கிட்ட காட்டாத. புருங் ஹந்து, பேய்ப் பறவை!”

ஷாமினி ஒலியைக் கூட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்ட முத்தாயி சட்டென்று நின்றாள்.

“இதுவா? இதுவா மூணு நாளா கத்துது?”

“கடைக்குட்டி. அதுக்குப் பசிக்குது.”

முத்தாயி கைப்பேசியை வாங்கி, கண் தெரியும் தூரத்துக்கு எட்டிப் பிடித்தாள். எலி கைமாறும் இடம் வந்தது. அவள் உதடுகள் அசைந்தன.

“ஊட்டுதா? அதுவே ஒரு குஞ்சு. அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

கைப்பேசியை ஷாமினியிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு முத்தாயியின் குரல் உடைந்தது.

“எல்லாம் சரி மாமா. ஆனா எம்புள்ள…”

முருகையா எழுந்தார். ஏணியைக் கம்பத்திலிருந்து எடுத்துப் புல்லில் கிடத்தினார்.

“உனக்கு வாக்குக் குடுத்தேன் முத்தாயி. இப்ப என்னால முடியல. குஞ்சுங்க பறக்கட்டும், அப்புறம் கழட்டி, தோட்டத்துக்கு உள்ளுக்கு நடுறேன்.”

“திங்கக்கெழம ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, உங்களத்தான் கேப்பேன்.”

“கேளு.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

முத்தாயி வீட்டுக்குப் போவாள் என்று பார்த்தார். அவள் போகவில்லை. மேலே மறுபடியும் சத்தம் ஆரம்பித்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியையே அண்ணாந்து பார்த்தாள்.

“இப்படிக் கத்துதே,” என்றாள், “மூத்தவன் என்ன பண்றான்?”