காலித் தொட்டியில் தண்ணீர்

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் ஸல்மாவின் சாப்பாட்டுக் கடை மாடியில் ஞாயிறுதோறும் வாசகர் வட்டம் கூடும். செயலாளர் பரஞ்சோதி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பது வருஷம் தேர்வுத்தாள் திருத்தியவர். எந்தக் கதையானாலும் அதன் படிப்பினையை ஒரே வரியில் குறிப்பேட்டில் எழுதுவார். வந்தவர்கள் எல்லாரும் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று ஒரு பழைய ருஷ்யக் கதை. ஆற்றின் மேல் உறைந்த பனி இளகிவிட்டது, அதில் குதிரையை ஓட்ட வேண்டாம் என்கிறான் குதிரைக்காரன். அதிகாரி கேட்காமல் ஓட்டுகிறான். குதிரை மூழ்கிச் சாகிறது. விசாரணையில் அதிகாரி பழியைக் குதிரைக்காரன் மேல் திருப்பிப் போட, அவன் தலைகுனிந்து "தப்பு என்னுடையதுதான்" என்கிறான். பிறகு தினமும் காலையில் அந்தக் குதிரையின் காலியான தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிறான். கதை அதோடு முடிகிறது.

'பொறுத்துப் போவதே பெருந்தன்மை' என்று எழுதிக் குறிப்பேட்டைச் சுற்றுக்கு விட்டார் பரஞ்சோதி. கடைசியாக அது நளினியிடம் வந்தது.

அவள் பையில் ஒரு கடிதம் இருந்தது. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் அவள் ஆப்பரேட்டர். உற்பத்தி குறையக் கூடாதென்று இயந்திரக் கதவின் பாதுகாப்பு சென்சாரை சூப்பர்வைசர் தேவன் அணைத்தபோது, வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். மறுநாள் நேப்பாளத் தொழிலாளி ஒருவருக்கு இரண்டு விரல்கள் போயின. சென்சாரை அணைத்தது நளினி என்றது கடிதம். நாளை அவள் அதில் கையெழுத்திட வேண்டும். "வார்னிங்கோட போயிரும்லா. கான்ட்ராக்ட் ரினியூ ஆகணும்ல?" என்றிருந்தார் தேவன்.

"இதுல எனக்குச் சம்மதம் இல்ல சார்," என்றாள் நளினி, குறிப்பேட்டின் வரியைக் காட்டி.

"ஏம்மா?"

"அவன் பொறுத்துப் போகல. குதிரையைக் கொன்னவன் தப்பிக்கப் பொய் சொன்னான். அதான் தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கிறான்."

"ஏழைம்மா. வேற என்ன செய்வான்?"

"அவன் செஞ்சது சரின்னு கதை எழுதுனவரு எங்கயாச்சும் சொல்றாரா? காட்டுங்க."

பரஞ்சோதி கண்ணாடியைச் சரிசெய்து கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்.

தேநீர் கொண்டுவந்த ஸல்மா, "நாலு வாரமா எல்லாக் கதைக்கும் பொறுமைதான் சார். என் மாமியாகூட இவ்வளவு பொறுமை கேட்டதில்லலா," என்றாள். சிலர் சிரித்தார்கள்.

"எல்லாரும் போட்டாச்சு. வழக்கம்னு ஒண்ணு இருக்கும்மா," என்றார் பரஞ்சோதி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போடுறேன் சார்."

எல்லாக் கையெழுத்துகளுக்கும் கீழே நளினி எழுதினாள்: 'குதிரையைக் காட்டிக்கொடுத்தவனின் கதை.' அதன் கீழே தன் பெயரைப் போட்டாள்.

மறுநாள் காலை தேவனின் மேசையில் கடிதத்தை வைத்தாள். அச்சடித்த பகுதியின் குறுக்கே ஒரு கோடு. கீழே மலாய் மொழியில் நான்கு வரிகள்: தேதி, நேரம், சென்சாரை அணைத்தவர் யார், வேண்டாம் என்றவர் யார். அதற்கும் கீழே கையெழுத்து.

"மாசக் கடைசியில கான்ட்ராக்ட் என்ன ஆகும்னு தெரியும்ல?" என்றார் தேவன்.

"தெரியும்ணே. காப்பி எடுத்துட்டேன். ஒண்ணு விரல் போனவர்கிட்ட இருக்கு."

அவர் காகிதத்தைத் தொடவில்லை. ஷிஃப்ட் தொடங்க ஏழு நிமிஷம் இருந்தது. நளினி வேலைக்கான வெள்ளை உடுப்பை மாட்டிக்கொள்ளப் போனாள்.