பதினோரு பேர்

பெர்லினில், ஓஸ்ட்க்ரொய்ட்ஸ் ரயில் நிலையத்து மேம்பாலத்தில் ஜனவரிக் காற்று ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை, எல்லாரையும் அடிக்கும். ஆனால் பணக்காரன் அங்கே நிற்பதில்லை. விடிய இன்னும் நேரமிருந்தது. வீப்கே தோளில் கனத்த துணிப்பையோடு நின்று, படி இறங்கி ஓடுகிறவர்களிடம் சின்னக் காகிதப் பொட்டலங்களை நீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு பிடி நாய்த்தீனி, முதல் பெட்டிக்குப் பாதி விலை என்று ஒரு சீட்டு. தீனியின் ஈரல் வாடை கையுறையைத் தாண்டி விரலில் ஏறியிருந்தது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அது போவதில்லை. மனிதர்கள் அவளைக் கண்டு விலகிப் போனார்கள். நாய்கள் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தன.

உண்மையில் அவள் வேலை இதுவல்ல. இணையத்தில் மாதாமாதம் நாய்த்தீனிப் பெட்டி விற்கும் புதுக் கம்பெனி ஒன்றில் விளம்பர வாசகம் எழுதுகிறவள். இருபது வருடம் ஒரு வட்டாரப் பத்திரிகையில் விளம்பரம் எழுதினாள். பத்திரிகை மூடியதும், நாற்பத்தாறு வயதில், குல்லாய் போட்ட பிள்ளைகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தாள். போன மாதம் தெருவில் பொட்டலம் கொடுக்கும் ஆட்களைக் கம்பெனி நிறுத்திவிட்டது. "எல்லாரும் எல்லாம் செய்வோம்!" என்று முதலாளி கான்ஸ்டான்டின் கைதட்டிச் சொன்னான். அதிலிருந்து, புது வாடிக்கையாளர்களைப் பிடித்து வரும் பிரிவின் பதினான்கு பேரும் முறைவைத்து விடிகாலையில் தெருவில் நின்றார்கள், பிறகு மாலை வரை திரை முன்னால் உட்கார்ந்தார்கள். வேலை இரண்டானது, சம்பளம் ஒன்றுதான்.

அந்த ஒன்றுக்கும் இன்று ஆபத்து வந்தது. வேலை நேரத்தைப் பதிவு செய்யும் செயலியைத் திறந்தபோது திரை முழுக்க ஒரு அறிவிப்பு மலர்ந்தது.

'வீப்கே, உனக்கென்றே ஒரு வாய்ப்பு! இனி நீயே உனக்கு முதலாளி.' கீழே சின்ன எழுத்தில் விஷயம் இருந்தது. மாதச் சம்பளம் கிடையாது. பிடித்து வரும் வாடிக்கையாளருக்கு இவ்வளவு என்று கூலி. நோய்க் காப்பீடு, விடுப்பு எல்லாம் அவரவர் பாடு. அதற்கும் கீழே பச்சைப் பொத்தான்: 'ஆமாம், நான் வளர விரும்புகிறேன்.' பொத்தானுக்கு அடியில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது, பகல் இரண்டு மணியை நோக்கி. 'உன் சக ஊழியர்களில் பதினோரு பேர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மூன்று இடங்களே பாக்கி. இது உனக்கும் எங்களுக்கும் நடுவில் மட்டும் இருக்கட்டும்.'

அந்தப் பதினோரு பேர் அவள் பெற்ற பிள்ளைகள். 'உங்கள் தெருவில் பதினோரு பேர் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார்கள்' என்று இரண்டு வருடத்துக்கு முன் எழுதியவள் அவள்தான். தெருவும் கிடையாது, பேரும் கிடையாது. பத்து என்றால் புளுகுபோலத் தெரியும், பதினொன்று என்றால் யாரோ எண்ணிப் பார்த்ததுபோலத் தெரியும் என்று அவளே கூட்டத்தில் விளக்கியிருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

தெரிந்தும் பயந்தாள். இந்த ஒரு தடவை மட்டும் அது உண்மையாக இருந்துவிட்டால்? முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் கிடக்கும் கணவன் ஹோல்கரை நினைத்தாள். அவன் சம்பாதிப்பது நின்று எட்டு மாதம் ஆகிறது. பை காலியாகும்வரை பொட்டலம் நீட்டினாள். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

அலுவலகத்தில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லார் காதிலும் ஒலிவாங்கி மாட்டிய கவசம். விசைப்பலகைகள் மட்டும் படபடத்தன. கேட்டால்தானே தெரியும், ஆனால் யாரைக் கேட்பது? போன வாரம் கூட்டத்தில் யோரிஸ் ஒரு கேள்வி கேட்டான். மறுநாள் காலை குழு அரட்டையில் அவன் கணக்கு நீக்கப்பட்டு, முகம் வெறும் சாம்பல் வட்டமாகிக் கிடந்தது. அவன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. வீப்கேயும்தான்.

சமையலறையில் கான்ஸ்டான்டின் காபி போட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தோரு வயது. காலடியில் அவனுடைய வேட்டைநாய் பிக்சல் படுத்திருந்தது. இந்த அலுவலகத்தில் கூட்டித் துடைப்பவர் முதல் முதலாளி வரை எல்லாரும் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் சொல்ல வேண்டும். அது சட்டம். முன்பின் தெரியாதவரை 'நீங்கள்' என்று சொல்லியே பழகிய வீப்கேக்கு நாக்கு திரும்ப ஒரு மாதம் பிடித்தது.

"வா வா, வீப்கே! காபி போடட்டுமா?"

"வேண்டாம். காலைல போன்ல ஒண்ணு வந்துச்சே..."

"பார்த்தியா? உன்னை மனசுல வெச்சே பண்ணினது. உன்னை மாதிரி அனுபவசாலியைப் போய் நாற்காலில கட்டிப்போட எனக்கு மனசு வரல."

"காய்ச்சல்ல படுத்துட்டா என்ன பண்றது?"

"நீ எங்க படுக்கப்போறே? உனக்குத்தான் இரும்பு உடம்பாச்சே!"

"வாடிக்கையாளர் வரலேன்னா?"

"வர்ற மாதிரி எழுது." சிரித்தான். "நாம ஒரு குடும்பம். குடும்பத்துல யாராவது சம்பளச் சீட்டு கேப்பாங்களா?"

"பதினோரு பேர் ஒத்துக்கிட்டாங்கன்னு போட்டிருக்கே. நெஜமாவா, கான்ஸ்டான்டின்?"

காபி இயந்திரம் புஸ்ஸென்று சீறியது. அவன் கோப்பையையே பார்த்தான்.

"நம்பர்தான் கண்ணு முன்னால இருக்கே. கடைசி ஆளா நிக்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் போய்விட்டான். பிக்சல் மட்டும் நின்று அவள் விரல்களை முகர்ந்து ஒரு நக்கு நக்கிவிட்டு அவன் பின்னால் ஓடியது.

கோட்டைக்கூட எடுக்காமல் பின்முற்றத்துக்கு இறங்கினாள். சைக்கிள்களுக்கும் குப்பைத்தொட்டிகளுக்கும் நடுவே டாவித் நின்றிருந்தான். கம்பெனியின் பக்கங்களை வடிவமைக்கும் ஜார்ஜியாக்காரப் பையன், மெலிந்த உடம்பு. கையில் சிகரெட், ஆனால் பற்றவைக்கவில்லை.

கேட்கலாமா? இவன் மேலே போய்ச் சொல்லிவிட்டால்?

"டாவித். நீ அதை அமுக்கினியா?"

அவன் முகம் வெளிறியது. "எதை?"

"எதைன்னு தெரியாமலா இங்க வந்து நிக்கறே?"

அவன் கடகடவென்று கொட்டினான். "இல்ல. ஆனா அமுக்கிடுவேன்னு தோணுது. வேலை போனா என் விசாவும் போச்சு. அந்தக் கடிகாரம் நான் பண்ணினதுதான் வீப்கே, வாடிக்கையாளர்களைப் பயமுறுத்த. பூஜ்யத்துக்கு வந்தா ஒண்ணும் ஆகாது, திரும்ப முதல்லேருந்து ஓடும். ஆனா இதுல உள்ளே என்ன மாத்தி வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. ஏற்கெனவே ஏழு பேர் வேற ஒத்துக்கிட்டாங்களாம்..."

"எத்தனை பேர்?"

"ஏழு."

வீப்கே தன் போனை எடுத்து அவன் போனுக்குப் பக்கத்தில் பிடித்தாள். இங்கே பச்சைப் பொத்தான், அங்கே ஆரஞ்சுப் பொத்தான். இங்கே பதினொன்று, அங்கே ஏழு.

"என்ன, ரெண்டு பேரும் குப்பைத்தொட்டிக்குக் காதல் கவிதை சொல்றீங்களா?" ஓயா முற்றத்துக்குள் வந்தாள். நகரத்தின் மறுகோடியில் பொட்டலம் கொடுத்துவிட்டுக் காலிப் பையோடு வருகிறாள். இணைய விளம்பரங்களுக்குக் காசு ஒதுக்குவது அவள் வேலை. பெர்லினிலேயே பிறந்த துருக்கியப் பெண். வாய் நீளம். இருவர் கையிலும் போன்கள் இருப்பதைக் கண்டதும் அருகில் வந்தாள். தன் போனைக் காட்டினாள். பச்சை, பதினொன்று.

மூன்று போன்களையும் பார்த்துவிட்டு மூவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். வேறு யாருக்கும் உடனே விளங்கியிருக்காது. இவர்களுக்கு இது தினப்படி வேலை. வாடிக்கையாளர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஒரு வாசகம், மீதிப் பேருக்கு இன்னொன்று அனுப்ப வேண்டும். எதைக் கண்டு அதிகம் பேர் பொத்தானை அமுக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

"அக்கா," என்றாள் ஓயா மெதுவாக, "நம்மளையே ரெண்டா பிரிச்சு சோதனை பண்றான்க்கா, பாவி. எந்தப் புளுகுக்கு நாம சீக்கிரம் விழறோம்னு."

பயம் போய்விடவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் கோபமும் வந்து உட்கார்ந்தது.

"ரயில்ல வரும்போதே தொழிற்சங்கத்துக்குப் போன் போட்டேன்," என்றாள் ஓயா. "பட்டனை அமுக்கி வேலையை விடறதெல்லாம் செல்லாதாம். காகிதத்துல மையால கையெழுத்து வேணுமாம். நமக்குன்னு ஒரு ஊழியர் மன்றம் இருந்தா அவன் இஷ்டத்துக்கு ஆட முடியாதாம். அதுக்குத் தேர்தல் கூட்டம் கூட்ட மூணு பேர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"போட்டா என்ன ஆகும்?" என்றான் டாவித்.

"பாதுகாப்பு உண்டாம். ஆனா அவன் வம்பு பண்ணினா கோர்ட்டுக்குத்தான் போகணும். பொய் சொல்லி உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன் தம்பி. எனக்கும் கை காலெல்லாம் ஆடுது."

"மத்தவங்க எல்லாம் அமுக்கியிருந்தா?"

"கேக்கணும்."

"எப்படிக் கேக்கறது? அரட்டையில எழுதினா அவன் படிப்பான்."

அலுவலகத்தின் நடுவில் ஒரு பித்தளை மணி தொங்குகிறது. ஒரு நாளில் ஆயிரம் புது வாடிக்கையாளர் சேர்ந்தால் கான்ஸ்டான்டின் அதை அடிப்பான். அடித்தால் எல்லாரும் காதுக் கவசத்தைக் கழற்றி, எழுந்து நின்று கைதட்ட வேண்டும். அவனைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

கண்ணாடி அறைக்குள் அவன் முதலீட்டாளர்களோடு திரையில் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு மணிக்குச் சில நிமிடங்களே இருந்தன. வீப்கே மேசைகளுக்கு நடுவே நடந்தாள். தன் முகமும் சாம்பல் வட்டமாகிக் கிடப்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். மணியின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

கண்ணாடிக்குள்ளிருந்து கான்ஸ்டான்டின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பழக்கதோஷத்தில் எல்லாரும் எழுந்தார்கள், தட்டினார்கள். மணியடியில் வீப்கே நிற்பதைக் கண்டதும் கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

"காலைல எல்லாருக்கும் ஒண்ணு வந்துச்சில்ல," என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "எனக்குப் பதினோரு பேர்னு வந்துச்சு. டாவித்துக்கு ஏழு பேர்னு. அந்த வரி நான் எழுதினது. எப்பவுமே அது புளுகுதான். சொல்லுங்க, நெஜமா யார் யார் அமுக்கினீங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. அன்னெலி, சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"நான்... நான் அமுக்கிட்டேன்." அவள் விம்மினாள். "பதினோரு பேர்னு போட்டிருந்துச்சே. நான் மட்டும் வெளிய நிக்கப்போறேன்னு பயந்துட்டேன்."

"அழாதடி," என்றாள் ஓயா. "பட்டன் செல்லாது. இங்க வா, எங்ககூட நில்லு." அன்னெலி வந்து வீப்கேயின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரல் வாடையைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மேசைகளில் போன்கள் திறந்தே கிடந்தன. கடைசி நொடிகள் ஓடின. டாவித் கண்ணை மூடிக்கொண்டான். பூஜ்யம். திரைகள் ஒருமுறை வெளுத்தன. பிறகு கடிகாரம் நிதானமாக முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

யாரோ ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அறை முழுக்கப் பரவியது. பயந்த சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. அந்தச் சத்தத்துக்குள் ஓயா மேசைமேல் ஒரு தாளை வைத்துத் தேர்தல் கூட்ட அழைப்பை எழுதிப் பேரைப் போட்டாள். வீப்கே போட்டாள். மூன்றாவதாக டாவித் போட்டான். அவன் அழுத்தியதில் பேனா தாளைக் கிழித்தது. எல்லார் கண்ணிலும் படும்படி ஓயா அதை மணிக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. பிக்சல் முன்னால் ஓடிவந்து நேரே வீப்கேயின் விரல்களிடம் போனது. பின்னால் கான்ஸ்டான்டின். தாளைப் படித்தான். சிரிப்பு ஒவ்வொரு பல்லாக மறைந்தது.

"வீப்கே, நீ என் ரூமுக்கு வா. தனியா பேசலாம்."

அன்னெலியின் பிடி இறுகியது. வீப்கே வாயைத் திறந்தாள். முன்பு பழகிய பழைய சொல் தானாக வந்தது.

"இல்லீங்க. நீங்க இங்கயே பேசுங்க. எல்லார்கிட்டயும்."

அறை அதிர்ந்தது. அந்த அலுவலகத்துக்குள் அவனிடம் யாரும் சொல்லாத சொல் அது. குடும்பம் என்று அவன் கட்டி வைத்த சுவரில் அந்த 'நீங்க' விரிசல் விட்டது. அவன் காது சிவந்தது.

"எல்லாருமா? எத்தனை பேர் உன்கூட இருக்காங்கன்னு நினைக்கறே?"

வீப்கேக்கு எண் தெரியாது. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. ஆனால் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, அப்புறம் தொடர்ந்து. தோளோடு தோள் உரசியது.

"இந்தத் தடவை புளுகு இல்லீங்க," என்றாள். "நீங்களே எண்ணிப் பாருங்க."