மாமனார் காரின் குறைகள்

மாமனார் தன் காரைச் சகலைக்கு விற்கிறார், அதற்கான விற்பனைப் படிவத்தை நான் நிரப்ப வேண்டுமாம். நைட் ஷிப்ட் முடிந்து வந்து அப்போதுதான் கண்ணை மூடியிருந்தேன். மனைவி எழுப்பினாள்.

"அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல. உங்க எழுத்துதான் அச்சடிச்ச மாதிரி இருக்குன்னு சொல்றாரு."

"காரு அவனுக்கு, கைவலி எனக்கா?"

"வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கணும்."

"மூத்த மாப்பிள்ளை கேக்கணுமா? அவருக்கே தோண வேணாம்?"

"எப்படித் தோணும்? நீங்க மூஞ்சியை உம்முன்னு வெச்சிருந்தா, பாவம் தூக்கம் பத்தலன்னு நினைப்பாரு."

படிப்பைப் பாதியில் விட்டவன் நான். குளிர்கிடங்கில் இரவெல்லாம் பெட்டி அடுக்குகிறேன். சகலைக்கு பேங்க்கில் கண்ணாடி அறை. அது போகட்டும். மாமனாருக்குக் கண் மங்கியதிலிருந்து அந்தக் காரை ஓட்டியது நான். ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் நான்தான். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த இடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மட்டுந்தான்.

போனோம். சாப்பாட்டு மேசையில் சகலை சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க சகல, தூக்கத்தைக் கெடுத்துட்டோமா?"

"தூங்குனாத்தானே கெடுக்க."

விற்பவர், எஞ்சின் நம்பர், ஓடிய தூரம் என்று வரிசையாக எழுதினேன். வாங்குபவர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கப் பார்த்தது. அதற்குக் கீழே பெரிய கட்டம் ஒன்று: விற்பவருக்குத் தெரிந்த குறைகள்.

"எனக்கென்ன தெரியும், ஓட்டுனவருக்குத்தானே தெரியும்," என்றார் மாமனார். "நீங்களே எழுதுங்க மாப்பிள்ளை. ஒண்ணையும் மறைக்காதீங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

பின் கதவுக் கண்ணாடி ஒன்று முழுக்க ஏறாது. அவ்வளவுதான் குறை. அதை எழுதினேன், ஆனால் கை நிற்கவில்லை. எஞ்சின் சூடாகி நடுவழியில் நிற்கும். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். சில சமயம் பிரேக் பிடிக்காது. சகலை லிப்டில் ஏறவே யோசிப்பவன். நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினேன்.

"என்ன சகல, இது காரா பாடையா?" அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "வேணாம் மாமா. எனக்குப் புள்ளைங்க இருக்கு."

உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் மாமனார் அவன் பக்கமே திரும்பவில்லை.

"பிரேக் பிடிக்காதா மாப்பிள்ளை?"

"எப்பவாவது, மாமா."

"போன வாரம் கொட்டுற மழையில என்னையும் என் பொண்ணையும் வெச்சுப் பாலத்து மேல ஓட்டுனீங்களே. அப்பவே தெரியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. தெரியும் என்றால் நான் கொலைகாரன். தெரியாது என்றால் எழுதியது பொய். மனைவி தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"கண்ணாடி மட்டுந்தான் மாமா. மத்ததெல்லாம் பொய்."

"எதுக்கு?"

"அவனுக்குப் போகுதேன்னு வயித்தெரிச்சல்."

சகலை சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே சகல."

அதுதான் எல்லாவற்றையும் விட எரிந்தது. அவனால் விட்டுக்கொடுக்கவும் முடிகிறது.

மாமனார் சிரிக்கவில்லை. "ஒரு காருக்காக என்னைப் பிரேக் இல்லாத வண்டியில உக்கார வெச்சிட்டீங்க. தாள்லதான், இருந்தாலும்." படிவத்தை நான்காகக் கிழித்தார். மேசை இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வாங்குறவர் பேரு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒரு நப்பாசை.

"முன்ன எழுதுன அதே பேருதான்."

எழுதினேன். குறைகள் கட்டத்தில் ஒரே வரி. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மாமனார் சாவியைச் சகலையின் கையில் வைத்தார்.

"புதன்கிழமை கண் டாக்டர்கிட்ட போகணும் சின்ன மாப்பிள்ளை. காலையில வந்துடுங்க."

"லீவு போட்டுட்டு வர்றேன் மாமா."

சாட்சி என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. மாமனார் என்னைப் பார்க்காமலே தாளை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன்.