ஸெபுலான் காட்டிய வழி

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால வர்ஜீனியா வரைபடங்களில் ஒவ்வொரு வீட்டின் மேலும் முதலாளியின் பெயர் இருக்கும். அங்கே அடிமைகளாக உழைத்த எங்கள் ஆட்களின் பெயர் மட்டும் இராது. முப்பாட்டன் ஸெபுலான்தான் அடிமைமுறைக்கு எதிராகப் போரிட்ட வடக்குப் படைக்கு ஆற்றைக் கடக்க வழி காட்டினார் என்று அத்தை லுவீனியா சொல்லும்போதெல்லாம் நான் சிரிப்பேன்.

இன்று ஆவணக் காப்பகத்தில் அந்தப் படையின் வரைபடத்தை இருவரும் விரித்தோம். பாலத்தின் மேல் 'எரிந்துவிட்டது' என்றிருந்தது. சற்றுக் கீழே ஆற்றின் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு. பக்கத்தில், 'ஸெபுலான் காட்டிய வழி.'

"இப்ப சிரிடி, பாப்போம்!" என்றாள் அத்தை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தப் படத்த வரைஞ்சவன் சண்டைக்கு நடுவுல நின்னு பேரு கேட்டு எழுதியிருக்கான், புண்ணியவான். அவன் பேரு என்னன்னு பாரு, ஜெபத்துல சொல்லணும்."

நான்கு மூலைகளிலும் தேடினேன். அவன் தன் பெயரை எழுதவே இல்லை.