கணுக்காலில் ஒரு கையகலம்

1

இந்தக் கதை ஒரு பேருந்தில் தொடங்கியது. அதில் தப்பு செய்தவன் நான்தான்.

காந்திபுரத்திலிருந்து அவிநாசி போகும் பஸ். பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த பெண்ணின் கைகளிலும் உதட்டோரத்திலும் வெள்ளை படர்ந்திருந்தது. வெண்புள்ளி யாருக்கும் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நீலம்பூர் தாண்டியதும் இறங்கவேண்டியவனைப்போல எழுந்து, கருமத்தம்பட்டி வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி எழுந்து போகிறவர்களுக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்ள அவருக்குப் பழகியிருந்தது.

அதை அப்படியே எழுதத் துணிச்சல் வரவில்லை. என் குற்றத்தைத் தூக்கி வேறொருவர் தலையில் வைத்தேன். அவர் பெயர் சென்னகிருஷ்ணன். சின்ன கிறிஸ்தவ சபை ஒன்றின் போதகர். ஞானஸ்நானம் வாங்கியபோதும் வீட்டில் வைத்த பெயரை விடாதவர். அவர் சபையில் பாதிப்பேர் அப்படித்தான். பஸ்ஸில் வந்தவரை அந்தச் சபையின் அம்புஜம் ஆக்கினேன்.

2

முதல் தொடக்கம்: "அம்புஜத்தின் கைகள் நிலவில் தோய்த்தெடுத்த—"

வேண்டாம். தோலை அழகாக்கிக் காட்டுவதும் பார்க்காமல் தப்பிக்கிற வழிதான்.

இரண்டாவது: "பாவம் அம்புஜம், பதினோரு வருடமாக—"

இதுவும் வேண்டாம். 'பாவம்' என்று யாராவது சொன்னால் அம்புஜம் எழுந்து போய்விடுவாள்.

சரி, நேராகவே சொல்கிறேன். அம்புஜத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. தறிக்குடோனில் நூல் சுற்றுகிற வேலை. கணவர் இல்லை, மகள் மௌனிகா ஈரோட்டில் நர்ஸ். பதினோரு வருடத்துக்கு முன் விரல் நுனியில் ஆரம்பித்த வெள்ளை, கை, முகம், கழுத்து என்று ஏறி இப்போது ஏறக்குறைய உடம்பு முழுவதும். அதற்கு முன்பிருந்தே இயேசுவின் நினைவாகச் சபை பகிர்ந்துண்ணும் திருவிருந்து அப்பம் அவள் கைவேலைதான். சனிக்கிழமை மாவு பிசைந்து கல்லில் சுடுவாள். ஞாயிற்றுக்கிழமை தட்டை ஏந்தி வரிசை வரிசையாகக் கொடுப்பாள்.

3

போன சித்திரையில், சபைப் பெரியவர்களில் ஒருவரான மூப்பர் ஸ்ரீனிவாஸ் போதகரிடம் வந்தார்.

"ஐயா, அம்புஜக்கா மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா என்ர பேத்தி அந்தக் கையிலிருந்துதான் வாங்கித் திங்கறா. நாளைக்கு அவளுக்கு வந்துபோட்டா யாருங்க பதில் சொல்றது?"

(ஸ்ரீனிவாஸைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. பேத்தி என்று சொன்னபோது அவர் குரல் நிஜமாகவே நடுங்கியது.)

சென்னகிருஷ்ணன் அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்புஜத்திடம் போய், "அக்கா, கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுத்துக்குங்க" என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, "சரிங்க ஐயா" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சபையில் அறிவித்தார்: "நம்ம அம்புஜக்காவுக்குக் கைவலிங்க. ஜெபம் பண்ணிக்குங்க."

சபை கண்ணை மூடி, இல்லாத வலிக்காக ஜெபம் செய்தது. அம்புஜம் கடைசி வரிசையில், செருப்பு விடுகிற கதவோரம் போய் உட்கார்ந்தாள். பிறகு அப்பத்துக்குப் பதில் பேக்கரி ரொட்டிதான். அதை அவள் கையில் கொடுக்கும்போது போதகர் விரல் படாமல் மேலிருந்து போட்டார். அப்படிப் போடுவது அவருக்கே பல மாதம் தெரியவில்லை.

4

வருடத்துக்குள் வேதத்தை வாசித்து முடிப்பது என்று சபை ஏற்பாடு. பங்குனியில் மோசேயின் மூன்றாம் ஆகமமான லேவியராகமம் வந்தது. பதிமூன்றாம் அதிகாரம், தோல் வியாதிச் சட்டம். எல்லாப் போதகர்களும் வேகமாகத் தாண்டிப் போகிற பக்கம்.

[ஒரு பக்கக் குறிப்பு: அந்தப் பழைய எபிரேயச் சொல் இன்றைய தொழுநோயைக் குறிப்பதல்ல என்கிறார்கள். படை, சொறி, வெளுப்பு எல்லாம் அதில் அடங்கும். துணியிலும் வீட்டுச் சுவரிலும் பிடிக்கிற பூசணம்கூட. தமிழில் ஒரே சொல்லில் 'குஷ்டம்' என்று போட்டோம். வெண்புள்ளிக்கும் ஊரில் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். இப்படி இரண்டும் ஒன்றாகிப் போயின.]

கடுமையான சட்டம்தான். தீட்டென்று தீர்ந்தவன் உடையைக் கிழித்துக்கொண்டு, தன் தீட்டைத் தானே கூவிச் சொல்லி, ஜனங்கள் கூடாரம் போட்டிருக்கிற பாளையத்துக்கு வெளியே தனியே இருக்கவேண்டும். ஆனால் வாசித்துக்கொண்டே வந்த சென்னகிருஷ்ணன் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அந்தக் காலப் பூசாரியான ஆசாரியன் பார்க்கவேண்டும். ஏழு நாள் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். குணமானால், ஆசாரியனே பாளையத்துக்கு வெளியே போய்ப் பார்க்கவேண்டும். திரும்பத் திரும்ப அதே வார்த்தை. ஆசாரியன் வைத்தியன் அல்ல, குணமாக்க அவனால் முடியாது. அவன் வேலை பார்ப்பது. அதைக்கூட நான் செய்யவில்லையே என்று நினைத்தார். ஒரு வருடமாக அம்புஜத்தின் கன்னத்துக்குப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்த்துத்தான் பேசி வந்திருக்கிறார்.

பிறகு பன்னிரண்டு, பதிமூன்றாம் வசனங்கள்: வெளுப்பு உடம்பு முழுவதும் மூடிவிட்டால் அவன் சுத்தமானவன். அதை வாசித்ததும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சபை வாயை அடைக்க வேதத்திலேயே வழி கிடைத்துவிட்டது!

5

புதன்கிழமை மதியம் தறிக்குடோனுக்குப் போனார். உள்ளே தறிச் சத்தத்தில் பேசினால் காது கேட்காது. அம்புஜம் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டியபடி வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

"ஏனுங்க ஐயா, இந்த வெய்யில்ல?"

அவர் வசனத்தைச் சொன்னார். சொல்லி, "சட்டப்படியே நீங்க சுத்தம்ங்க அக்கா. ஞாயித்துக்கிழமை இதையே பிரசங்கமா வச்சுப்போடறேன்" என்றார்.

அம்புஜம் சிரித்தாள். "அத நான் எப்பவோ படிச்சுப்போட்டேனுங்க." சேலைக் கரையை ஒரு சாண் தூக்கி இடது கணுக்காலைக் காட்டினாள். அங்கே ஒரு கையகலத்துக்கு மாநிறம், பழைய அம்புஜம். "இது இன்னும் வெளுக்கலீங்களே. இது வெளுக்கற வரைக்கும் நான் தீட்டுங்களா?"

அவர் அந்தக் கணுக்காலைப் பார்த்தார். பிறகு கைகளை, கழுத்தை, கடைசியில் முகத்தை. புருவமும் வெளுத்திருந்தது. கண் மட்டும் கறுப்பு. இத்தனை நாள் தெரியாத ஒன்று தெரிந்தது: அவளுக்குக் கோபம்.

"அக்கா, நான் என்ன செய்யோணும்?"

"என்னையச் சுத்தம்னு சொல்ல வேண்டாமுங்க. கைவலின்னு சொன்னீங்கல்ல, அது பொய்யின்னு சொல்லுங்க. அன்னிக்கு எல்லாரும் கண்ணை மூடி எனக்காக ஜெபம் பண்ணுனப்ப, நான் மட்டும் கண்ணைத் தெறந்துட்டு உக்காந்திருந்தேனுங்க. அதுக்கப்புறம் எனக்கு ஜெபமே வரலீங்க ஐயா."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

6

இனி ஞாயிற்றுக்கிழமை. மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் ஸ்ரீனிவாஸ் ஓடிவந்து கண்ணீரோடு அம்புஜத்தின்— அடித்துவிட்டேன். ஒரு வருடப் பயம் ஒரு பிரசங்கத்தில் போய்விடாது. இன்னொன்றில் சபை போதகரை வெளியேற்றுகிறது. அதில் அவர் தியாகி ஆகிவிட்டார், அம்புஜம் காணாமல் போனாள். மூன்றாவதில் அவள் வரவே இல்லை. மூன்றாவதைக் கிழிக்க மனசு கேட்கவில்லை. அவளுக்கு அந்த நியாயம் உண்டு.

ஆனால் அவள் வந்தாள்.

7

சென்னகிருஷ்ணன் அன்று மேடையில் நிற்காமல் கீழே இறங்கி நின்று பேசினார். இயேசு ஒரு குஷ்டரோகியைத் தொட்டதைச் சொன்னார். "குணமாக்கிப்போட்டுத் தொடலீங்க. தொட்டுப்போட்டுத்தான் சுத்தமாகுன்னாரு. அப்புறம் என்னாச்சு? அந்த மனுசன் ஊருக்குள்ள போயிட்டான். அவன் சொன்னதைக் கேட்டுக் கூட்டம் கூடிப்போச்சு, இயேசு ஊருக்குள்ள வரமுடியாம வெளிய தங்கினாரு. ரெண்டு பேரும் எடம் மாத்திக்கிட்டாங்க. ஊரு வெளிய தள்ளுனவங்க எடத்துல அவரு போய் நிக்கிறாரு. எனக்குத் தெரிஞ்ச சுவிசேசம் இவ்வளவுதாங்க."

பிறகு கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

"அம்புஜக்காவுக்குக் கைவலி இல்லீங்க. நான் சொன்னது பொய். அவங்களை நிறுத்துனது நான்தான். என்னைய மன்னிச்சுக்குங்க அக்கா."

அவர் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தார். அம்புஜத்தின் கையில் கொடுத்தார். விரலோடு விரல் பட்டது. அவள் எழுந்த இடத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில், அவர் உட்கார்ந்துகொண்டார்.

அங்கிருந்து அவருக்கு எல்லோருடைய முதுகும் தெரிந்தது. ஒரு முகம்கூடத் தெரியவில்லை. அம்புஜம் முன்னால் போய், ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்றாள். யாராவது வருவார்கள் என்று காத்து நிற்கவில்லை. முதல் வரிசைக்கு நேராக நடந்து, ஸ்ரீனிவாஸ் முன் நின்றாள்.

"எடுத்துக்குங்க அண்ணா" என்றாள்.

மடியில் கிடந்த ஸ்ரீனிவாஸின் வலதுகை மேலே எழுந்தது. தட்டுக்கா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தியைப் பிடித்து நிறுத்தவா என்பது கடைசி வரிசையிலிருந்து தெரியவில்லை. எனக்கும் அந்த வரிசையில்தான் இடம்; அதற்குமேல் எழுதும் யோக்கியதை எனக்கில்லை. நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் முன்னால் என்றால், அவர் முகத்தைப் பார்த்து மிச்சத்தை நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். அம்புஜம் அடுத்து உங்களிடம்தான் வருகிறாள்.