மேஸ்திரி நம்பரில் இரண்டு இருசம்மாள்

இந்தக் காலத்தில் யாரும் யார் மூஞ்சியையும் பார்ப்பதில்லை. பேர் கேட்பார்கள், நாம் வாயைத் திறப்பதற்குள் கண் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய்விடும். மலையடிவாரத்து எங்கள் ஆஸ்பத்திரியும் அப்படித்தான் ஆகிவிட்டது.

என் பொண்டாட்டி இருசம்மாளுக்கு முப்பது வருஷமாக வலிப்பு. கம்பவுண்டர் சின்னக்கண்ணு இருந்தவரை நாங்கள் பேரைக்கூடச் சொன்னதில்லை. வாசலில் எங்கள் தலை தெரிந்ததும் அவர் கை வலிப்பு மாத்திரை டப்பாவுக்குப் போய்விடும். அடுப்பில் விழுந்து வெந்த அவள் இடது கையைத் திருப்பிப் பார்த்து, "இன்னா இருசம்மா, இந்த மாசம் எத்தினி தடவ வந்துச்சு?" என்பார். அவள் சொல்வதை நாங்கள் கொண்டுபோகும் நாற்பது பக்க நோட்டில் எழுதுவார். மாத்திரையைப் பேப்பரில் மடித்து, ராத்திரிக்கு என்று மேலே ஒரு பிறை போடுவார். எழுத்து தெரியாத எனக்கே புரியும்.

போன வாரம் நான் மட்டும் போனேன். கவுண்டரில் இருந்த பெண் செல் நம்பர் கேட்டாள். என்னிடம் செல் ஏது? எங்கள் தெரு மொத்தமும் கரும்பு வெட்டு மேஸ்திரி அய்யனார் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறது. நானும் அதையே சொன்னேன். தட்டினாள், சீட்டு வந்தது, மாத்திரையும் வந்தது. பஸ் ஸ்டாப்பில் பிரித்துப் பார்த்தால் வழக்கமான சின்ன மாத்திரை இல்லை, நீட்டு மாத்திரை. திரும்பிப் போனேன்.

இருசம்மாளுக்கு சுகர் என்றுதான் பெட்டியில் இருக்கிறது என்றாள் அந்தப் பெண்.

"சுகரு அய்யனாரு மாமியாருக்கு. அதும் பேரு இருசம்மாதான். என் பொண்டாட்டிக்கு வலிப்பு."

வீட்டில் இருந்தது ஒரே ஒரு மாத்திரை. ஒரு ராத்திரி தவறினாலும் அவள் விழுந்துவிடுவாள்.

டாக்டர் ஷாலினி எழுந்து வந்தார். சின்ன வயசுப் பிள்ளை. இரண்டு பேரையும் பிரிக்க வேண்டுமானால் அய்யனார் செல்லுக்கு ஒரு எண் வருமாம், அதைச் சொன்னால்தான் பெட்டி விடுமாம். அய்யனார் உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் கரும்புக் கொல்லையில் இருந்தான். நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று. பின்னால் நின்ற ராசு, "இன்னா மாயவா, ரெண்டு பொண்டாட்டிய வச்சிக்கினு எங்கள நிக்க வெக்கிற?" என்றான். வரிசையே சிரித்தது.

கடைசியில் டாக்டரம்மா பழைய நோட்டு இருக்கிறதா என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சின்னக்கண்ணு கையெழுத்தைப் படித்துவிட்டு, அவரே போய் மாத்திரை எடுத்துவந்தார். தினமும் எல்லாரும் போன பிறகும் ஏழு மணி வரை உட்கார்ந்து, வந்தவர்கள் விவரத்தை இந்தப் பெட்டியில் ஏற்றுகிறாராம்.

"எனக்கு மட்டும் ஆசையா தாத்தா? ஆள பாக்குற நேரத்துல பாதி இதுக்கே போயிடுது."

ஆனாலும் இதில் ஒரு நன்மை இருக்கிறது என்றார். இருசம்மாள் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் விழுந்தால்கூட, பெரிய ஆஸ்பத்திரியில் இதைப் பார்த்து சரியான மருந்து கொடுத்துவிடுவார்களாம்.

"அப்பவும் அய்யனாருக்குத்தானம்மா போன் போவும்?" என்றேன்.

அவர் நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஒரு செல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். இந்த மாசத்துக்கு ஆயிற்று. அந்தப் பெட்டியை நான் நம்பப்போவதில்லை.